வயிற்றுப்புண் மருந்துகளின் பயன்பாடு

வயிற்றுப்புண் மருந்துகள் என்பன இரைப்பையின் உட்சுவரிலோ, சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலிலோ தோன்றும் புண்களை ஆற்றுவதற்கும், அவை மீண்டும் தோன்றாமல் தடுப்பதற்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகள் ஆகும். பேச்சுவழக்கில் இந்நோய் 'அல்சர்' என்றும் 'குடற்புண்' என்றும் குறிப்பிடப்படுகின்றது. இம்மருந்துகளை உரிய வேளையில், உரிய அளவில், குறித்த நாட்கள் முழுவதும் உட்கொண்டால் பெரும்பாலான புண்கள் 4 முதல் 12 வாரங்களுக்குள் ஆறிவிடுகின்றன. எனினும் வலி சில நாட்களிலேயே குறைந்துவிடுவதால் பலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். வலி நின்றுவிட்டது என்பது புண் ஆறிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆறாத புண்ணிலிருந்து குருதி கசியலாம். இரைப்பையின் அல்லது குடலின் சுவரில் துளை விழலாம். இவ்விரண்டும் உயிருக்கு ஊறு விளைவிக்கக் கூடியவை.

நோயின் காரணங்கள்

இரைப்பை உணவைச் செரிப்பதற்காக ஐதரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சின் என்னும் நொதியையும் சுரக்கின்றது. இவை இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி, பைகார்பனேட்டு கலந்த சளிப்படலம் ஒன்று உட்சுவரைப் போர்த்தியுள்ளது. இப்பாதுகாப்பு குலையும் இடத்தில் புண் உண்டாகின்றது. பாதுகாப்பைக் குலைக்கும் முதன்மைக் காரணங்கள் இரண்டு:

• ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி. சுருள் வடிவான இப்பாக்டீரியா, யூரியேசு என்னும் நொதியைக் கொண்டு தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கி, சளிப்படலத்தினுள் பல ஆண்டுகள் உயிர்வாழ வல்லது.
• ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலிநீக்கிகள். இவை புராஸ்டாகிளாண்டின்கள் எனப்படும் பொருட்கள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. சளிப்படலம் சுரப்பதற்கும் இரைப்பைச் சுவரின் குருதியோட்டத்திற்கும் புராஸ்டாகிளாண்டின்கள் தேவை என்பதால், வலி குறையும் அதே வேளையில் இரைப்பையின் காப்பும் குறைகின்றது.

காரணம் எதுவென அறிந்த பின்னரே மருத்துவம் முழுமை பெறும். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் எந்தப் புண்ணையும் ஆற்றக்கூடும். ஆனால் நுண்ணுயிரி ஒழிக்கப்படாமலோ வலிநீக்கி நிறுத்தப்படாமலோ இருந்தால் புண் திரும்பவும் வருவதற்கு வாய்ப்பு மிகுதி.

வரலாறு

அமிலம் இன்றிப் புண் உண்டாகாது என்னும் கருத்தைக் குரோவாசிய அறுவை மருத்துவரான கார்ல் சுவார்ட்சு 1910 ஆம் ஆண்டில் முன்வைத்தார். அதன்பின் பல பதிற்றாண்டுகள் அமிலத்தைக் குறைப்பதே மருத்துவத்தின் நோக்கமாக இருந்தது. பாலும் கஞ்சியும் கொண்ட பத்திய உணவு, அமில எதிர்ப்பிகள், ஓய்வு ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. இவற்றால் குணமடையாதவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும் அறுவையோ, அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகசு நரம்பைத் துண்டிக்கும் அறுவையோ செய்யப்பட்டது.

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த சேம்சு பிளாக்கின் ஆய்வுக்குழு உருவாக்கிய சிமெட்டிடின் என்னும் மருந்து 1976 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில், சிமெட்டிடினை விடவும் ஆற்றல் மிக்க ஒமிப்ரசோல் அறிமுகமானது.

ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் வல்லுநராகப் பணியாற்றிய ராபின் வாரன், இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களை 1979 இல் கண்டார். அவருடன் இணைந்த பாரி மார்சல் 1982 இல் அவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பதில் வெற்றி கண்டார். கடும் அமிலத்தில் எந்த நுண்ணுயிரியும் வாழாது என்று அக்காலத்தில் பெரும்பாலோர் நம்பினர். எனவே மார்சல் 1984 இல் அப்பாக்டீரியாக்கள் கலந்த நீர்மத்தைத் தாமே பருகி, தமக்கு இரைப்பை அழற்சி உண்டானதை மெய்ப்பித்துக் காட்டினார். இருவருக்கும் 2005 ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வரும் நோயாகக் கருதப்பட்ட வயிற்றுப்புண், இக்கண்டுபிடிப்பினால் இரு வார மருத்துவத்தில் அடியோடு நீக்கக்கூடிய நோயாக மாறியது. இந்நுண்ணுயிரி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம் என 1994 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

மருந்து வகைகளும் உட்கொள்ளும் முறையும்

புரோட்டான் எக்கித் தடுப்பிகள்

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், லான்சோப்ரசோல், ஈசோமிப்ரசோல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இரைப்பையின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியேற்றும் 'எக்கி'களை இவை முடக்குகின்றன.

இம்மருந்துகளைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்னர் உட்கொள்ள வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, குருதி வழியாக இரைப்பையின் உயிரணுக்களை அடைகின்றது. அங்கு இயங்கிக்கொண்டிருக்கும் எக்கிகளை மட்டுமே அதனால் முடக்க இயலும். உணவு உண்ணும்போதுதான் எக்கிகள் பெருமளவில் இயங்குகின்றன. மருந்தோ குருதியில் சில மணி நேரமே தங்குகின்றது. எனவே உணவு இரைப்பையை அடையும் வேளையில் மருந்து குருதியில் இருக்க வேண்டும். உணவுக்குப் பின்னரோ, இரவு உறங்கப் போகும்போதோ உட்கொண்டால் பயன் குறைந்துவிடும்.

எல்லா எக்கிகளும் ஒரே வேளையில் இயங்குவதில்லை. ஆகையால் முழுப் பயன் கிடைக்க 3 முதல் 5 நாட்கள் ஆகலாம். முதல் நாளில் நெஞ்செரிச்சல் தணியவில்லை எனக் கருதி அளவைக் கூட்டிக்கொள்ளுதல் தவறு.

இம்மருந்துகள் அமிலத்தில் சிதைந்துவிடும் தன்மையுடையவை. இதனால் மாத்திரையின் மேலோ, குப்பியினுள் உள்ள மணிகளின் மேலோ அமிலத்தில் கரையாத பூச்சு இடப்பட்டிருக்கும். மாத்திரையை உடைத்தோ, பொடித்தோ, மென்றோ உட்கொண்டால் பூச்சு சிதைந்து மருந்து வீணாகும். விழுங்க இயலாதவர்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கூறி மாற்று வடிவத்தைப் பெறலாம்.

எச்2 ஏற்பித் தடுப்பிகள்

அமிலச் சுரப்பைத் தூண்டும் இசுட்டமினின் செயலை இவை தடுக்கின்றன. ஃபேமோடிடின் இவ்வகையில் பரவலாகப் பயன்படுகின்றது. உணவுடனோ உணவின்றியோ உட்கொள்ளலாம். இரவில் சுரக்கும் அமிலத்தைக் குறைப்பதில் இவை பயன் தருகின்றன. நாள்தோறும் உட்கொண்டால் ஓரிரு வாரங்களில் உடல் பழகிவிடுவதால் பயன் குறையக்கூடும்.

ஒரு காலத்தில் உலகெங்கும் மிகுதியாக விற்பனையான ரானிடிடின் மருந்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்னும் மாசு காணப்பட்டது. இதனால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2020 ஏப்ரலில் அனைத்து ரானிடிடின் மருந்துகளையும் சந்தையிலிருந்து அகற்றுமாறு கோரியது. இந்தியாவின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலிலிருந்து 2022 இல் அது நீக்கப்பட்டது. வீட்டில் எஞ்சியுள்ள பழைய மாத்திரை அட்டைகளைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

அமில எதிர்ப்பிகள்

அலுமினியம் ஐதராக்சைடு, மக்னீசியம் ஐதராக்சைடு ஆகியவை கலந்த நீர்ம மருந்துகளும் மெல்லும் மாத்திரைகளும் இவ்வகையின. சுரந்த அமிலத்தை இவை உடனடியாக நடுநிலையாக்குகின்றன. ஆனால் புண்ணை ஆற்றுவதற்கு இவற்றை மட்டும் நம்புதல் ஆகாது. அலுமினியம் மலச்சிக்கலையும் மக்னீசியம் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குவதால் இரண்டும் சேர்த்தே தயாரிக்கப்படுகின்றன. நீர்ம மருந்தை உட்கொள்ளும் முன்னர் குப்பியை நன்கு குலுக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது.

சுக்ரால்ஃபேட்

புண்ணின் மீது பசைபோல் ஒட்டிக்கொண்டு அமிலம் படாமல் காக்கும் மருந்து இதுவாகும். வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர் உட்கொள்ளப்படுகின்றது. பிற மருந்துகளையும் பற்றிக்கொண்டு அவை உடலில் சேராமல் தடுக்கக்கூடியது என்பதால், மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இடையே 2 மணி நேர இடைவெளி விடுவது வழக்கம்.

மிசோப்ரோஸ்டால்

வலிநீக்கிகளைத் தவிர்க்க இயலாதவர்களுக்குப் புண் வராமல் காக்கும் பொருட்டு அளிக்கப்படுகின்றது. இம்மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்து கருச்சிதைவை ஏற்படுத்தும். ஆகவே கருவுற்ற பெண்கள் வயிற்றுப்புண்ணுக்காக இதனை உட்கொள்ளவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு எழுதித் தரப்பட்ட மருந்தை மற்றொருவர் எடுத்து உண்பதில் உள்ள தீங்கிற்கு இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

நுண்ணுயிரியை ஒழிக்கும் கூட்டு மருத்துவம்

ஹெலிகோபேக்டர் பைலோரியை ஒரே மருந்தால் ஒழிக்க இயலாது. பொதுவாகக் கையாளப்படும் முறைகள் இரண்டு:

• மும்மருந்து முறை: புரோட்டான் எக்கித் தடுப்பி, கிளாரித்ரோமைசின் 500 மி.கி., அமாக்சிசிலின் 1 கிராம் ஆகியவை நாளொன்றுக்கு இரு வேளை.
• நான்மருந்து முறை: புரோட்டான் எக்கித் தடுப்பி, பிஸ்மத் உப்பு, டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல்.

கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற நுண்ணுயிரிகள் பெருகிவிட்டமையால், அம்மருந்து பலனளிக்குமா என்பது பரிசோதனை மூலம் அறியப்படாதபோது நான்மருந்து முறையை 14 நாட்கள் கையாளுமாறு அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் வெளியிட்ட பட்டியலிலும், புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் நுண்ணுயிரிகளுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

இம்மருத்துவத்தில் நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகளை விழுங்க நேரலாம். வாய்க்கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை பலருக்கும் தோன்றும். இவற்றைத் தாங்காது ஐந்தாறு நாட்களில் நிறுத்திவிடுவோர் உளர். அவ்வாறு நிறுத்தினால் வலுக்குன்றிய நுண்ணுயிரிகள் மட்டும் மடிந்து, மருந்தை எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து பயன்படாமற் போகலாம். எனவே தொல்லை மிகுந்தால் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இக்காலத்தில் கவனிக்க வேண்டியவை:

• பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அமாக்சிசிலின் உட்கொள்ளலாகாது. ஒவ்வாமை பற்றி மருந்து எழுதப்படும் முன்னரே கூறிவிட வேண்டும். தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.
• டெட்ராசைக்ளினைப் பால், இரும்புச்சத்து மாத்திரை, அமில எதிர்ப்பி ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது. நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். கருவுற்றோருக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது பொதுவாக அளிக்கப்படுவதில்லை.
• மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களிலும், முடித்தபின் மூன்று நாட்கள் வரையிலும் மது அருந்தலாகாது என மருந்துக் குறிப்புகள் எச்சரிக்கின்றன.
• பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கருநிறமாக்கும். இது தீங்கற்றது, மருந்தை நிறுத்தியபின் மறைந்துவிடும்.
• கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுடன் சேர்ந்தால் தசைகளுக்குக் கேடு விளைவிக்கும். குமட்டலுக்கான டாம்பெரிடோனுடன் சேர்ந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். இந்தியாவில் பான்டோப்ரசோலும் டாம்பெரிடோனும் ஒரே குப்பியில் கலந்து விற்கப்படுவதால், கையிலுள்ள மருந்தில் என்னென்ன அடங்கியுள்ளன என்பதைப் பார்த்தறிதல் முக்கியம்.

விடுபட்ட வேளைகள்

ஒரு வேளை மருந்து மறந்துபோனால், நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடர வேண்டும். ஈடுசெய்வதற்காக இரு வேளை மருந்தை ஒன்றாக உட்கொள்ளலாகாது. இரமலான் நோன்பு நோற்பவர்களும் விரதம் இருப்பவர்களும் வேளைகளை மாற்றியமைக்க முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டறிதல் நலம். நாளொன்றுக்கு நான்கு வேளை உள்ள முறையை நோன்புக் காலத்தில் கடைப்பிடிப்பது கடினம்.

வலிநீக்கிகளும் வயிற்றுப்புண்ணும்

புண் உள்ளவர்கள் தாமாகவே வலிநீக்கிகளை வாங்கி உண்பது மிகுந்த தீங்கு தருவது. மூட்டு வலி, முதுகு வலி, தலைவலி ஆகியவற்றுக்காகக் கடைகளில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலுடன் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றுள் ஒன்று கலந்திருக்கும். வணிகப் பெயரை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது தெரிவதில்லை. அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்துப் பெயர்களைப் படித்தோ, மருந்தாளரிடம் கேட்டோ அறிந்துகொள்ள வேண்டும். உணவுக்குப் பின் உட்கொண்டால் தீங்கில்லை என்னும் கருத்து சரியன்று. இம்மருந்துகள் குருதியில் கலந்தும் இரைப்பையின் காப்பைக் குலைக்கின்றன. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இது பொருந்தும். காய்ச்சலுக்கும் எளிய வலிக்கும் உரிய அளவில் பாராசிட்டமால் இரைப்பைக்குப் பாதுகாப்பானது.

இதய நோய்க்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொள்பவர்கள் புண் இருப்பதை அறிந்தவுடன் அதனைத் தாமே நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவது மாரடைப்புக்கு இடமளிக்கும். தொடர்வதா, எவ்வளவு நாள் நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குருதி உறைவைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் உட்கொள்பவர்களுக்கு ஒமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் ஏற்றவையல்ல. அவை குளோபிடோக்ரெல்லின் பயனைக் குறைப்பதால், பான்டோப்ரசோல் போன்ற வேறொன்று தெரிந்தெடுக்கப்படுகின்றது.

தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின், இரும்புச்சத்து மாத்திரைகள், சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் ஆகியவை உடலில் சேர்வதற்கு இரைப்பை அமிலம் உதவுகின்றது. அமிலம் குறையும்போது இவற்றின் பயனும் குறையலாம். ஆகவே உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவம் முடிந்தபின்

நுண்ணுயிரி ஒழிந்துவிட்டதா என்பதை யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை மூலம் உறுதிசெய்வர். நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் பிஸ்மத்தும் முடிந்து குறைந்தது 4 வாரங்களும், புரோட்டான் எக்கித் தடுப்பி நிறுத்தி 2 வாரங்களும் கழிந்த பின்னரே இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும். மருந்து உட்கொண்டிருக்கும்போது செய்தால், நுண்ணுயிரி இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும். குருதியில் உள்ள எதிர்ப்பொருளைக் காணும் பரிசோதனை இதற்குப் பயன்படாது. நுண்ணுயிரி ஒழிந்த பின்னரும் எதிர்ப்பொருள் நெடுநாள் நீடிக்கும்.

இரைப்பையில் புண் இருந்தவர்களுக்கு அது ஆறிவிட்டதா என்று உள்நோக்கிப் பரிசோதனை மீண்டும் செய்யப்படுவதுண்டு. இரைப்பைப் புற்றுநோயும் புண்ணைப் போலவே தோன்றலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் அதன் அறிகுறிகளையும் தற்காலிகமாகத் தணித்துவிடும். 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் மாதக்கணக்கில் தாமே வாங்கி உண்பதனால் நோய் கண்டறியப்படுவது தாமதமாகும் இடர் உள்ளது.

நீண்ட காலப் பயன்பாடு

புரோட்டான் எக்கித் தடுப்பிகள் குறுகிய காலத்திற்குப் பெரும்பாலும் பாதுகாப்பானவை. தலைவலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை சிலருக்குத் தோன்றும். பல மாதங்களோ ஆண்டுகளோ தொடர்வோருக்குக் குருதியில் மக்னீசியம் குறைதல், உயிர்ச்சத்து பி12 குறைபாடு, எலும்பு முறிவு, குடல் தொற்றுகள் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடலாம் என அறியப்பட்டுள்ளது. அதே வேளை, ஆஸ்பிரினைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டிய முதியோர், முன்பு குருதிக் கசிவு ஏற்பட்டவர்கள் போன்றோருக்கு நீண்ட கால மருந்து உயிர்காப்பாக அமைகின்றது. இத்தகையோர் பக்க விளைவுகளுக்கு அஞ்சித் தாமே நிறுத்துவதும், தேவையற்றோர் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் ஒருங்கே தவறாகும்.

நெடுநாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்ட அமிலம் சில வாரங்களுக்கு முன்னைவிட மிகுதியாகச் சுரக்கும். இவ்வெரிச்சலை நோய் திரும்பிவிட்டதாகக் கருதி மீண்டும் மருந்தைத் தொடங்குவோர் பலர். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

தவறான நம்பிக்கைகள்

காரமான உணவும் மனக்கவலையும் மட்டுமே புண்ணை உண்டாக்குவதில்லை. அவை அறிகுறிகளை மிகுவிக்கலாம். எரிச்சல் தரும் உணவைத் தவிர்த்தல் நன்று. ஆயினும் பத்தியம் மட்டும் நுண்ணுயிரியை ஒழிக்காது. பால் குடித்தவுடன் எரிச்சல் தணிந்தாலும், பாலிலுள்ள புரதமும் கால்சியமும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டும். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றது. மருத்துவக் காலத்தில் அதனைக் கைவிடுதல் நன்று.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

• குருதியாகவோ, காப்பித்தூள் போன்ற நிறத்திலோ வாந்தி எடுத்தல்.
• தார் போன்று கருமையாகவும் ஒட்டும் தன்மையுடனும் கடும் நாற்றத்துடனும் மலம் கழித்தல். பிஸ்மத்தும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருமையாக்கினாலும் இப்பசைத்தன்மையும் நாற்றமும் இரா. ஐயம் இருப்பின் குருதிக் கசிவு என்றே கொண்டு மருத்துவமனையை அணுக வேண்டும்.
• திடீரெனத் தோன்றும் தாங்கவொண்ணா வயிற்று வலி, வயிறு பலகை போல் இறுகுதல். இது துளை விழுந்தமைக்கு அடையாளம்.
• தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை.
• உணவு விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், ஓயாத வாந்தி.

வலிநீக்கி உண்ணும் முதியோருக்கு வலி சிறிதும் இன்றியே குருதிக் கசிவு ஏற்படுவதுண்டு. வலி இல்லை என்பதை வைத்து மேற்கண்ட அறிகுறிகளைப் புறக்கணித்தல் ஆகாது.

இவற்றையும் பார்க்க

• இரைப்பை
• ஹெலிகோபேக்டர் பைலோரி
• இரைப்பை அழற்சி
• நுண்ணுயிர் எதிர்ப்பி
• பாரி மார்சல்